முக்காலிக்கு எடை எங்கிருந்து வரும்?

டெலஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் கேள்விகள் எல்லாம் லென்ஸைப் பற்றித்தான் இருக்கும். எத்தனை மில்லிமீட்டர்? எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்? சனியின் வளையம் தெரியுமா? காலைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. கூடவே வரும் மூன்று கால் சாமானை 'ஸ்டாண்ட்' என்று சொல்லி ஓரமாக வைத்துவிடுவார்கள். முதல் ராத்திரி வெட்டவெளியில் நிறுத்தி சனியைப் பிடித்தவுடன்தான் புரியும், பிரச்சனை முழுக்க அந்த ஓரமாக வைத்த சாமானில்தான் இருக்கிறது என்று. வளையமாவது ஒன்றாவது... வெள்ளையாக ஒரு புழு நெளிவது மாதிரி ஏதோ தெரியும்.

அறந்தாங்கி மாதிரி ஊரில் இந்தத் தொல்லை இன்னும் ஒரு படி அதிகம். ஊருக்குள் தெருவிளக்கு, கடை விளக்கு. நல்ல இருட்டு வேண்டுமென்றால் ஆவுடையார்கோவில் ரோட்டிலோ கட்டுமாவடி ரோட்டிலோ கொஞ்ச தூரம் போய் இறங்கி, ஏதாவது கண்மாய்க் கரைக்கு நடக்க வேண்டும். இன்னும் ஆசை இருந்தால் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று கடலோரம் வரை போகலாம். கார் இருப்பவர்களுக்குக் கவலை இல்லை. பஸ்ஸில் போகும் பையனுக்கு எல்லாமே முதுகில்தான். 70 மில்லிமீட்டர் குழாய் ஒன்றரை இரண்டு கிலோ, தண்ணீர், டார்ச், போர்வை. இதற்கு மேல் ஆடாத முக்காலி என்று எட்டு பத்து கிலோவைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடுவார் :-) அதனால் ஒன்றரை கிலோ அலுமினிய ட்ரைபாட்தான் கதி. அதுவோ காற்று வந்தால் நாணல் மாதிரி ஆடும்.

இருட்டு வேண்டுமென்றால் நடக்க வேண்டும், நடக்க வேண்டுமென்றால் இலேசாக இருக்க வேண்டும், இலேசாக இருந்தால் ஆடும். இந்த மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. இதிலிருந்து வெளியே வர வழி இருக்கிறது. செலவும் அதிகமில்லை.

ஏன் இவ்வளவு ஆடுகிறது?

முக்காலி உண்மையில் ஆடுவது மிகக் கொஞ்சம். அதைப் பெரிதாக்குவது டெலஸ்கோப்தான். 100 மடங்கு பெருக்கும் கண்ணாடி சனியை மட்டும் 100 மடங்கு பெருக்குவதில்லை, ஆட்டத்தையும் 100 மடங்கு பெருக்குகிறது. 60 சென்டிமீட்டர் நீளக் குழாயின் ஒரு நுனி இரண்டு தாள் கனம் அளவுக்கு, அதாவது 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்ந்தால், குழாய் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு திரும்பியிருக்கும். 100 மடங்கில் பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒன்றரைப் பாகைக்கு மேல். அதே 100 மடங்கில் வளையத்தோடு சேர்ந்த மொத்தச் சனியே சுமார் ஒரு பாகைதான்! இரண்டு தாள் கனம் ஆடினால் சனி தன் உடம்பு அகலத்தைத் தாண்டிக் குதிக்கும் என்று அர்த்தம்.

போதாததற்கு பூமி வேறு சுற்றிக்கொண்டிருக்கிறது. 100 மடங்கில் சாதாரணக் கண்ணருகு லென்ஸ் வழியே பார்த்தால் சனி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக இரண்டு நிமிடம்தான். ஒவ்வொரு முறையும் குழாயைத் தொட்டு நகர்த்த வேண்டும். தொட்டால் ஆட்டம். ஆட்டம் அடங்க ஐந்தாறு வினாடி. அதற்குள் வரிசையில் அடுத்த ஆள் வந்து கண்ணை வைப்பார், மறுபடி ஆட்டம்.

'தெரியுதுப்பா'

தனியாகப் பார்ப்பவருக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். ஊருக்குக் காட்டும்போதுதான் நிஜமான நஷ்டம். கண்மாய்க் கரையில் ஒரு பையன் குழாயை நிறுத்தினால் கால் மணி நேரத்தில் கூட்டம் வந்துவிடும். ஆடு பத்திக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர், டியூஷன் முடித்து வரும் பிள்ளைகள், 'என்ன தம்பி சர்வே பண்றீகளா?' என்று கேட்டபடி ஒரு பெரியவர்.

அந்த வரிசையில் ஒரு அப்பத்தாவும் நிற்பார். முறை வந்ததும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, குழாயை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு குனிவார். பிடித்த பிடியில் சனி எங்கேயோ போயிருக்கும். 'தெரியுதா அப்பத்தா?' என்று கேட்டால், 'தெரியுதுப்பா, நல்லாத்தான் தெரியுது' என்பார். ஒன்றும் தெரிந்திருக்காது. பிள்ளை ஆசையாகக் காட்டுகிறானே, மனசு நோகக் கூடாது என்று சொல்வது அது. அடுத்த ஆளுக்கு இடம் விட்டு நகர்ந்துவிடுவார். எழுபது வயது வரை பார்க்காத சனியை அவர் பார்த்திருக்க வேண்டிய ஒரே ராத்திரி அப்படிப் போய்விடும். காட்டியவனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

தெரு முனையில் டெலஸ்கோப் வைத்துக் காட்டும் பழக்கம் உள்ளவர்கள் அதனால்தான் 'தெரியுதா?' என்று கேட்பதை விட்டுவிட்டு 'என்ன தெரியுது, சொல்லுங்க' என்று கேட்கிறார்கள். 'காதுல போடுற தோடு மாதிரி இருக்கு' என்று பதில் வந்தால் சரி. வெறுமனே 'வெளிச்சமா இருக்கு' என்றால் முக்காலியைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. 2025 மார்ச்சில் சனியின் வளையம் பூமிக்குப் பக்கவாட்டில் திரும்பி வெறும் கோடாக மெலிந்துபோனது. அதற்குப் பிறகு வருஷா வருஷம் மெல்ல விரிந்து வருகிறது. ஒல்லியாக இருக்கும் வளையத்தைப் பார்க்க, நன்றாக விரிந்த வளையத்துக்குத் தேவைப்படுவதை விட நிதானமான முக்காலி வேண்டும்.

பத்து டன் கால்

பெரியவர்கள் இந்தப் பிரச்சனையை எப்படித் தீர்த்தார்கள் என்று பார்க்க சென்னை நுங்கம்பாக்கம் போக வேண்டும். வானிலை ஆய்வு மைய வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-ல் மெட்ராஸ் வானாய்வகத்துக்காக நிறுத்தியது. எடை சுமார் 10 டன். அதன் மேல் வைத்தது ஒரு சின்னக் கருவிதான். சின்னக் கருவிக்கு 10 டன் கால்! தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. வானாய்வகம் போய்விட்டது, கருவி போய்விட்டது, கால் மட்டும் இன்னும் நிற்கிறது. எதை உறுதியாகச் செய்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இன்றைக்கும் பெரிய வானாய்வகங்களில் டெலஸ்கோப் நிற்கும் தூண் கட்டடத்தின் தரையைத் தொடாது. தனி அஸ்திவாரத்தில் நேரே மண்ணுக்குள் இறங்கும். மாடியில் யாராவது நடந்தால்கூட அந்த அதிர்வு கருவிக்குப் போகக் கூடாது என்பதுதான் காரணம். (மொட்டை மாடியில் டெலஸ்கோப் வைத்துவிட்டுத் தம்பி தங்கைகளை ஓடிப் பிடித்து விளையாட விடுபவர்கள் கவனிக்க.)

பையில் 10 டன் எடுத்துப் போக முடியாது. ஆனால் அந்தத் தூண் சொல்லும் பாடத்தை எடுத்துப் போகலாம். முக்காலியைக் கெட்டியாக நிறுத்துவது முக்காலியின் எடை அல்ல, அது பூமியோடு எவ்வளவு இறுக்கமாகச் சேர்ந்திருக்கிறது என்பதுதான். எடையை முதுகில் சுமந்து போக வேண்டாம். போன இடத்தில் மண் இருக்கிறது, கல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. அங்கேயே கடன் வாங்கிக்கொண்டு, வரும்போது திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம்.

காசில்லாத வைத்தியங்கள்

1. குட்டையாக்குவது. இதுதான் முதல் வைத்தியம், ஒரு பைசா செலவில்லை. ஒரு கம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அது வளையாமல் நிற்கும் உறுதி இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு கூடும். ட்ரைபாட் காலில் கீழ்க்கட்டுதான் எல்லாவற்றிலும் ஒல்லி. அதை இழுக்கவே கூடாது. மேல்கட்டை மட்டும் இழுத்தால் போதும். நடுத்தண்டை உயர்த்துவது மகா பாவம். உயர்த்திய மறு நிமிடம் மூன்று கால் முக்காலி ஒற்றைக்கால் கொக்கு ஆகிவிடும்.

குட்டையாக்கினால் பார்ப்பவர் குனிய வேண்டுமே? அதற்குப் பக்கத்து டீக்கடை பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போதும். முக்காலியை உட்கார்ந்தவர் கண் உயரத்துக்கு வைத்தால் அப்பத்தா உட்கார்ந்தே பார்க்கலாம். உட்கார்ந்தவர் தடுமாற மாட்டார், தடுமாறாதவர் குழாயைப் பிடிக்க மாட்டார். ஒரு நாற்காலியில் இரண்டு லாபம்.

2. முளைக்குச்சி. முக்காலியின் நடுக்கொக்கியில் பையைத் தொங்கவிடச் சொல்லிப் பலரும் எழுதியிருப்பார்கள். பாதி சரி. காற்றில்லாத இடத்தில் நல்லது. காற்றடித்தால் தொங்கும் பை ஊஞ்சலாடும், முக்காலியையும் கூட ஆட்டும். அப்படித் தொங்கவிட்டால் பையின் அடி லேசாகத் தரையைத் தொட வேண்டும்.

அதை விட நல்லது கயிறு. ஆட்டுக்குட்டி கட்ட அடிக்கும் முளைக்குச்சியை மூன்று காலுக்கும் நட்ட நடுவில் தரையில் அறைந்து, நடுக்கொக்கியிலிருந்து நேர் கீழே நைலான் கயிற்றை இழுத்து முளையில் கட்டினால் போதும். பத்து கிலோ இழுவை சாதாரணமாகக் கிடைக்கும். பத்து கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம், ஆனால் ஆடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இழுவை அளவோடு இருக்கட்டும். ரொம்ப இறுக்கினால் கால் பூட்டு வழுக்கி உள்ளே இறங்கிவிடும். மண் இளகி முளை நிற்கவில்லையென்றால் ஒரு செம்புறாங்கல்லைக் கயிற்றில் கட்டி இழுத்து வைக்கலாம். புதுக்கோட்டைச் சீமையில் அந்தக் கல்லுக்குப் பஞ்சமில்லை.

3. மஞ்சப்பை. காலியாக மடித்துப் போனால் எடையே கிடையாது. போன இடத்தில் மணலை நிரப்பி, ட்ரைபாட்டின் மூன்று காலையும் நடுவில் இணைக்கும் சட்டத்தின் மேல் வைத்தால் ஆட்டம் சட்டென்று அடங்கும். மணலுக்கு எடையும் உண்டு, அதிர்வைத் தின்னும் குணமும் உண்டு. வெள்ளாற்று ஓரமென்றால் அங்கேயே மணல் இருக்கிறது. (ஒரு மஞ்சப்பை மணலுக்குத் தாசில்தார் வரமாட்டார். ஆனாலும் திரும்பும்போது கொட்டிவிட்டு வருவதுதான் மரியாதை.)

4. ஹவாய் செருப்பு. சிமெண்ட் தரையிலும் மாடியிலும் அலுமினியக் கால் நேரே நின்றால் அதிர்வு அடங்கவே அடங்காது. காலுக்கு அடியில் வைக்க விசேஷ ரப்பர் வில்லைகள் விற்கிறார்கள். பழைய ஹவாய் செருப்பை மூன்று துண்டாக வெட்டி வைத்தால் அந்த வேலையில் பெரும்பகுதி நடக்கும். டைல்ஸ் தரையில் கால் வழுக்கி விரியாமலும் தடுக்கும்.

5. மண்ணுக்கேற்ற பாதம். ஒரே ஊரைச் சுற்றி மூன்று விதத் தரை. செம்மண் மேடு கெட்டி, கால் முனையை அழுத்தி ஊன்றினால் போதும். வாய்க்கால் பாயும் வயல் பக்கம் வரப்பில் வைத்தால் களிமண்ணில் கால் மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும், சனி காரணமே இல்லாமல் நழுவும். அங்கே ஒவ்வொரு காலுக்கும் ஒரு அரைச் செங்கல் வேண்டும். கடற்கரை மணலில் இரண்டும் வேண்டும். ஈர மணல் வரை தோண்டி, அதில் அரைச் செங்கல் வைத்து, அதன் மேல் கால்.

6. காற்றுக்கு ஒதுங்குவது. கண்மாய்க் கரையின் மேல் நின்றால் வானம் நன்றாகத் தெரியும், காற்றும் நன்றாக அடிக்கும். கரைக்கு உள்பக்கம் நாலு அடி இறங்கினால் காற்று தலைக்கு மேல் போகும். கடலோரமென்றால் சவுக்குத் தோப்பின் ஓரம். வரிசையில் நிற்பவர்களைக் காற்று வரும் பக்கம் நிற்கச் சொன்னால் அவர்களே சுவர். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அருகில் மட்டும் வேண்டாம். லாரி ஒன்று போனால் அதிர்வு தரை வழியே வந்து சேரும்.

7. கையைப் பின்னால் கட்டுவது. பார்ப்பவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணை மட்டும் அருகில் கொண்டு போனால் பாதி ஆட்டம் போச்சு. பெரியவர்களிடம் 'தொடாதீங்க' என்று சொல்வது நன்றாக இருக்காது. 'கையப் பின்னால கட்டிக்கிட்டுப் பாருங்க ஐயா, அப்பத்தான் நல்லாத் தெரியும்' என்றால் சந்தோஷமாகச் செய்வார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு.

8. பேராசையைக் குறைப்பது. 100 மடங்கில் ஆடும் சனியை விட 50 மடங்கில் ஆடாத சனி அழகு. பெருக்கத்தைப் பாதியாக்கினால் ஆட்டமும் பாதி, ஓரத்துக்கு நழுவும் நேரமும் இரட்டிப்பு. கூட்டத்துக்குக் காட்டும்போது இது ஒன்றே பல வைத்தியத்துக்குச் சமம்.

எல்லாம் செய்த பிறகு ஒரு பரீட்சை. பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை நடுவில் வைத்து, குழாயை விரலால் ஒரு தட்டு தட்டி, ஆட்டம் நிற்கும் வரை எண்ண வேண்டும். ஒன்று, இரண்டுக்குள் அடங்கினால் பாஸ். ஐந்து, ஆறு என்று போனால் கயிற்றையோ காலையோ மறுபடி பார்க்க வேண்டும். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் முன்னும் பின்னும் தட்டி எண்ணினால் எது உண்மையில் வேலை செய்கிறது, எது வெறும் நம்பிக்கை என்று தெரிந்துவிடும்.

இரண்டு நிமிட வேலை

சனி நாளைக்கும் வரும். அதனால் ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றலாம். பொறுக்காத சமயங்களும் உண்டு, அதில் சில இந்த மாவட்டத்திலேயே நடந்திருக்கின்றன. 1871 டிசம்பர் 12 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க ரோமிலிருந்து லோரென்சோ ரெஸ்பிகி என்ற வானியலாளர் புதுக்கோட்டைக்கு வந்தார். நார்மன் லாக்கியர் தலைமையில் பிரிட்டனிலிருந்து வந்த குழுவோடு சேர்ந்து வந்தவர். லாக்கியர் அந்தப் பக்கம் கேரளக் கரையில் பேக்கலில் இருந்தார். ரெஸ்பிகி டெலஸ்கோப்புக்கு முன்னால் ஒரு பட்டகத்தை வைத்து, சூரியனைச் சுற்றியுள்ள கொரோனாவைத் தனித்தனி நிற வளையங்களாகப் பிரித்துப் பார்த்தார். கடல் தாண்டி வந்த அந்தப் பயணம் முழுவதும் சில நிமிட இருட்டுக்காகத்தான். அந்த நேரத்தில் கருவி ஆடியிருந்தால் 'இன்னொரு தடவை' என்பதே கிடையாது.

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணி வாக்கில் வளையச் சூரிய கிரகணம் இதே மாவட்டத்தின் மேல் போனது. அறந்தாங்கியும் அந்தப் பாதைக்குள்தான் இருந்தது. வளையம் நின்றது மூன்று நிமிடத்தை ஒட்டி. அடுத்தது 2031 மே 21. அந்த வளையப் பாதை கேரளாவிலிருந்து மதுரை, காரைக்குடி வழியாக வேதாரண்யம் பக்கம் போகிறது. காரைக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் எந்த ஊர் இருக்கிறது என்று அறந்தாங்கிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கு இரண்டு சிக்கல் இருக்கிறது. ஒன்று, மே மாத நடுப்பகலை ஒட்டிய நேரம். சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் இருக்கும். குழாயை அவ்வளவு நிமிர்த்தினால் இலேசான முக்காலியில் எடை ஒரு பக்கம் சாயும், குழாயின் அடி முக்காலிக் காலில் இடிக்கும். அதைச் சமாளிக்க முன்கூட்டியே பழக வேண்டும். தலைக்கு மேல் நிற்கும் ஏதாவது ஒரு நட்சத்திரத்தை ராத்திரியில் பிடித்துப் பார்த்தாலே பழக்கம் வந்துவிடும். இரண்டு, சூரியன் என்பதால் குழாயின் வாயில் சூரியனுக்கென்றே செய்த வடிகட்டி கட்டாயம் வேண்டும். காற்றில் பிய்ந்து போகாதபடி அதை இறுக்கிக் கட்ட வேண்டும். முக்காலி சாய்ந்தால் படம் கெடும், வடிகட்டி கழன்றால் கண் போய்விடும். விளையாட்டுக் காரியம் இல்லை.

அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. மூன்று மீட்டர் நைலான் கயிறு, மடித்த மஞ்சப்பை ஒன்று, வெட்டிய செருப்புத் துண்டு மூன்று. எல்லாம் சேர்ந்து கால் கிலோகூட வராது. முளைக்குச்சியும் கல்லும் மணலும் போகிற இடத்தில் இருக்கும். அதுவரைக்கும் சனியையும் வியாழனையும் வைத்து ஊர் ஊராகப் பழகிக்கொள்ளலாம். நாற்காலியை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிப் போட வேண்டும். வரிசையில் அப்பத்தாக்கள் நிற்பார்கள்.